வருகை சமீபம் என்று நம்புகிறவர் 20 வருடக் கடன் எடுக்கலாமா?

விளக்குத்தண்டு (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். உபதேசச் சண்டைக்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. திங்கட்கிழமை காலை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

"ஆண்டவர் வருகை மிகவும் சமீபம்", அதாவது இயேசு சீக்கிரம் திரும்பி வருவார் என்று ஞாயிறுதோறும் கேட்கிறோம், ஆமென் சொல்கிறோம். அதே வாரம் வீட்டுக்கடன் படிவத்தில் தவணைக்காலம் 20 வருடம் என்று எழுத வேண்டியிருக்கிறது. பிள்ளையின் மேற்படிப்புக்கு 12 வருடம் முன்னதாகவே சேமிக்கத் தொடங்க வேண்டியிருக்கிறது. வாய் ஒன்று சொல்ல, கையெழுத்து வேறொன்று சொல்கிறதோ என்று உறுத்துகிறது.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். நீண்டகாலத் திட்டம் போடுவது அவிசுவாசமா? "ஆயத்தமாய் இரு" என்றால் தினப்படி எதைச் செய்வது? வாட்ஸ்அப்பில் வந்து குவியும் கடைசிகால வீடியோக்களை எப்படிச் சலிப்பது?

"ஜெபியுங்கள் பிரதர்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள், தயவுசெய்து.

---

பெரேயாக்காரன்

பிரதர், முதல் கேள்விக்கு எரேமியா 29, 32 இரண்டு அதிகாரங்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு முடிவு எப்போது என்பது எண்ணாகவே சொல்லப்பட்டது: 70 வருடம். நமக்கு அந்த வசதி இல்லை. முடிவு தெரிந்த அந்த ஜனங்களுக்கே வந்த கட்டளை, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி ஜெபம் செய்யுங்கள் என்பது. "இரண்டே வருடத்தில் எல்லாம் முடிந்துவிடும்" என்றவன் அனனியா. 28ஆம் அதிகாரத்தில் அவனைக் கள்ளத் தீர்க்கதரிசி என்றே எரேமியா கண்டிக்கிறார். மூட்டை கட்டி வையுங்கள் என்ற பிரசங்கம் அன்றைக்கும் கேட்க இனிமையாகத்தான் இருந்திருக்கும்.

32ஆம் அதிகாரம் இன்னும் நேரடியானது. எருசலேம் முற்றுகையில் இருக்கிறது. விழப்போகிறது என்று எரேமியாவே சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் உள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, முத்திரை போட்டு, அது நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். நியாயத்தீர்ப்பு வருகிறது என்ற நிச்சயமும் பத்திரப்பதிவும் ஒரே மனிதனுக்குள் இருந்தன. ஆகவே 20 வருடம் என்று எழுதுவதில் பாவம் இல்லை. யாக்கோபு 4:15 சொல்கிறபடி "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்பதை மனதில் வைத்து எழுதுங்கள்.

தப்பு நடக்கிற இடம் வேறு. "எப்படியும் சீக்கிரம் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவோம், கடனை யார் கட்டப்போகிறார்கள்" என்று அளவுக்கு மீறி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சங்கீதம் 37:21 அவர்களுக்குத்தான்: துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான். நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான்: ஆண்டவர் 20 வருடமும் தாமதித்தாலும் இந்தத் தவணையைக் கட்ட முடியுமா? தவணை மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 6 மாதச் செலவுக்குக் கையிருப்பு வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கடன்கள் வேலை போன முதல் சில மாதங்களிலேயே மூச்சுத் திணறத் தொடங்கும். காணிக்கையும் உதவியும் நின்றுபோகிற அளவுக்குத் தவணை நெருக்கினால் அந்த வீடு உங்களுக்குப் பெரியது. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கச் சொன்னவர் இயேசுவேதான், லூக்கா 14:28.

வேலையை விடலாமா என்றும் அடுத்து யாராவது கேட்பார்கள். தெசலோனிக்கேயாவில் இந்தச் சோதனை நடந்துபார்த்தாயிற்று. "கிறிஸ்துவினுடைய நாள் சமீபமாயிருக்கிறது" என்று கலங்கினவர்கள் இருந்த அதே சபையில் சிலர் வேலைக்குப் போகாமல் பிறர் காரியத்தில் தலையிட்டுத் திரிந்தார்கள். பவுலின் மருந்து: "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது." 2 தெசலோனிக்கேயர் 3:10. வேலை கிடைக்காதவரைப் பற்றி அவர் பேசவில்லை, மனதில்லாதவரைப் பற்றி. இந்த வசனத்தை ஏழைகளின் தலையில் போடுகிறவர்களும் உண்டு என்பதால் சொல்கிறேன்.

---

ஒலிவக்கன்று

பெரேயாக்காரன் ஐயா சொன்னதில் பிழை இல்லை. ஆனால் ஒரு பயம். இப்படியே விளக்கிக்கொண்டு போனால் வருகை என்பதே விசுவாசப் பிரமாணத்தின் ஒரு வரியாகச் சுருங்கி, மற்றவர்கள் எப்படி வாழ்கிறார்களோ அப்படியே நாமும் என்று ஆகிவிடும். மத்தேயு 24:48ல் கெட்டுப்போன ஊழியக்காரன் தேதி குறித்தவன் இல்லை. "என் ஆண்டவன் வர நாள் செல்லும்" என்று உள்ளத்தில் சொல்லிக்கொண்டவன். அடுத்த வசனத்தில் என்ன செய்கிறான் பாருங்கள்: உடன் வேலைக்காரரை அடிக்கிறான், வெறியரோடே குடிக்கிறான். உபதேசத்தில் தளர்ந்த இடம் வீட்டாரிடமும் வேலையாட்களிடமும் நடந்துகொள்கிற விதத்தில் வெளிப்படுகிறது.

லூக்கா 21:34 இருதயத்தைப் பாரமாக்குகிறவை மூன்று என்கிறது: பெருந்திண்டி, வெறி, லவுகீக கவலை. முதல் இரண்டை எல்லாரும் பிரசங்கிப்பார்கள். மூன்றாவதைக் குடிகாரனோடு ஒரே வரிசையில் வைத்திருக்கிறார் ஆண்டவர். 20 வருடத் தவணையின் நிஜ ஆபத்து அங்கே.

---

பெரேயாக்காரன்

ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இரண்டாவது கேள்விக்குத் தனியாக எழுதலாம் என்று விட்டேன்.

மத்தேயு 24, 25ஐ ஒரே மூச்சில் வாசியுங்கள், வரிசை தெரியும். "விழித்திருங்கள்" என்று சொல்லிவிட்டு, அதன் அர்த்தத்தை நான்கு படங்களில் காட்டுகிறார். உண்மையுள்ள ஊழியக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. "ஏற்றவேளையிலே" வேலைக்காரருக்குப் போஜனம் கொடுத்துக்கொண்டிருக்கிறான். மணவாளனுக்காக விளக்கோடு காத்திருந்த கன்னிகைகளில் பத்துப் பேரும் தூங்கிவிட்டார்கள், புத்தியுள்ள ஐந்து பேர் உட்பட. தூங்கினதற்கு யாரும் கண்டிக்கப்படவில்லை. வித்தியாசம் தூங்குமுன் நிரப்பிக்கொண்ட எண்ணெயில் இருந்தது. அதைக் கடைசி நேரத்தில் இரவல் வாங்கவும் முடியாது. மூன்றாவது, எஜமான் ஊழியக்காரரிடம் ஒப்படைத்துப்போன தாலந்து. ஒரு தாலந்து 6,000 தெனாரி. ஒரு தெனாரி ஒருநாள் கூலி. ஒன்றைப் பெற்றவன்கூட ஏறக்குறைய இருபது வருடச் சம்பளத்தைக் கையில் வாங்கியிருக்கிறான். அதைப் பத்திரமாகப் புதைத்ததற்காகவே தள்ளப்பட்டான். நான்காவது செம்மறியாடும் வெள்ளாடும்: பசி, தாகம், அந்நியன், வஸ்திரம், வியாதி, காவல். இந்த ஆறும் நாட்காட்டியில் எழுதி வைக்கக்கூடிய வேலைகள்.

இவற்றைத் தினப்படியாக்கினால் எண்ணெய்க்கு முதலில் வேதம். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளைக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். மீதி இரண்டு நாள் தவறினதைப் பிடிக்க. முழு வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களுக்கு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேண்டும். இந்தத் திட்டத்தை எடுப்பவர்கள் லேவியராகமத்தில் நின்றுவிடுவதற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை, விட்டதைப் பிடிக்க இடமே வைக்காததும்தான். வெளிப்படுத்தலைத் துண்டு துண்டாக வீடியோவில் கேட்காமல் 22 அதிகாரத்தையும் ஒரே அமர்வில் சத்தமாக வாசியுங்கள், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 1:3ல் உள்ள பாக்கியம் வாசிக்கிறவனுக்கும் கேட்கிறவர்களுக்கும் கைக்கொள்ளுகிறவர்களுக்கும். கணக்குப் போடுகிறவனுக்கு அங்கே எதுவும் வைக்கப்படவில்லை.

பிறகு ஜெபம். 21 பேர் பெயர் எழுதி, நாளைக்கு மூன்று பேர். பட்டியலில் பாதியாவது நீங்கள் நேரில் போய்ப் பார்க்கக்கூடியவர்களாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அது பெயர்ப்பலகையாகிவிடும். வாரம் ஒருவரைப் போய்ப் பாருங்கள். மேலே சொன்ன ஆறில் எது வருகிறதோ அது.

ஒப்புரவாக வேண்டியவர்கள் யாராவது இருந்தால் அதை முதலில் முடியுங்கள். எபேசியர் 4:26 கொடுத்த கெடு சூரிய அஸ்தமனம். மன்னிப்புக் கேட்கும்போது "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்று ஆரம்பிக்காதீர்கள். செய்ததைச் சொல்லி, அது தவறு என்று சொல்லி, ஈடு செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுப்பேன் என்றான் சகேயு.

உயிலும், கணக்குகளின் பட்டியலும், நாமினி பெயர்களும் சரியாக இருக்கட்டும். இதை ஆவிக்குரியதல்ல என்று நினைக்கிறவர்கள் 1 தீமோத்தேயு 5:8ஐப் பார்க்கவும். வருகை முந்தினாலும் மரணம் முந்தினாலும் வீட்டாரை விசாரித்தவராக இருப்பீர்கள்.

---

கணக்குப்பிள்ளை

மூன்றாவது கேள்வி என் பங்கு.

தேதி குறிப்பவர்களின் கணக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆரம்ப வருடம், ஒரு நீளம், இரண்டையும் கூட்டுகிற ஒரு அனுமானம் இருக்கும். உடைவது எப்போதும் அந்த அனுமானம்.

வில்லியம் மில்லர், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பிரசங்கியார்: தானியேல் 8:14ல் உள்ள 2,300 இராப்பகலை வருடம் என்று எடுத்து, கி.மு. 457ல் தொடங்கினார். அவரைச் சுற்றியிருந்தவர்கள் கடைசியாக நின்ற தேதி 1844 அக்டோபர் 22. நாள் என்றால் வருடம் என்பது அந்த வசனத்தில் எழுதப்படாதது. எட்கர் விசெனன்ட், அமெரிக்க எழுத்தாளர்: 1948ல் இஸ்ரேல், ஒரு சந்ததி 40 வருடம், ஆக 1988 செப்டம்பர். அந்த 40 பொய்த்ததும் சந்ததியை 70, 80 என்று மற்றவர்கள் இழுத்தார்கள். அத்திமரம் துளிர்ப்பதைச் சொல்லி "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்ற இயேசுவின் உவமையில் அத்திமரம் என்றால் இஸ்ரேல் மட்டுமே என்பது இதற்கெல்லாம் அடித்தளம். லூக்கா 21:29ஐப் பாருங்கள்: "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்." அந்த 'மற்றெல்லா' கணக்கையே கலைத்துவிடுகிறது. ஹரால்ட் கேம்பிங், அமெரிக்க வானொலிப் பிரசங்கியார்: ஜலப்பிரளயம் கி.மு. 4990, அதோடு 7,000 வருடம், ஆக 2011 மே 21. பிறகு அதே வருடம் அக்டோபர் 21. 2012ல் தேதி குறித்ததே தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். அதற்குள் சேமிப்பை எல்லாம் விளம்பரப் பலகைக்குக் கொடுத்துவிட்டவர்கள் இருந்தார்கள்.

இரத்த நிலா (முழுச் சந்திர கிரகணத்தில் சிவக்கும் நிலா) கடைசிகால அடையாளம் என்கிற வீடியோக்கள் 2014, 2015ல் கொடிகட்டிப் பறந்தன. நான்கு முழுச் சந்திர கிரகணங்கள் பஸ்காவிலும் கூடாரப்பண்டிகையிலும் வந்தது உண்மைதான். ஆனால் யூத மாதம் அமாவாசையை ஒட்டித் தொடங்குகிறது, இந்த இரண்டு பண்டிகைகளும் மாத நடுவில். அதாவது எப்போதும் பௌர்ணமியை ஒட்டித்தான். சந்திர கிரகணம் வருவதும் பௌர்ணமியில்தான். இரண்டு பண்டிகைகளுக்கும் இடைவெளி ஏறக்குறைய ஆறு மாதம், தொடர் கிரகணங்களுக்கும் அதே. இவை அவ்வப்போது ஒன்றாக விழாவிட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

பார்கோடில் மூன்று 6, அதாவது வெளிப்படுத்தல் 13ல் உள்ள மிருகத்தின் எண் 666, ஒளிந்திருக்கிறது என்பது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 6 என்று அவர்கள் காட்டுகிற, ஆரம்பம், நடு, கடைசி ஆகிய இடங்களில் நீண்டு நிற்கிற மெல்லிய கோடுகள் ஸ்கேனருக்கு எல்லை காட்டுகிறவை. அந்த முறையில் ஒரு எண்ணுக்கு 7 அலகு அகலம். எல்லைக்கோடு 3 அலகு, நடுவில் உள்ளது 5. அகலமே பொருந்தவில்லை, எண் எங்கிருந்து வரும்?

வீடியோவைத் திறக்குமுன் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். தேதி அல்லது "இந்த மாதத்துக்குள்" என்று இருந்தால், அந்த நாள் மனிதருக்குத் தெரியாது என்கிற மத்தேயு 24:36, அப்போஸ்தலர் 1:7 போதும், மூடிவிடுங்கள். காட்டுகிற வசனத்துக்கு முன்னும் பின்னும் பத்து வசனம் உங்கள் வேதாகமத்தில் வாசியுங்கள்; பாதி வீடியோ அங்கேயே விழுந்துவிடும். போர்ச் செய்தி என்றால், மத்தேயு 24:6 "கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்" என்றும் "முடிவு உடனே வராது" என்றும் சொல்வதை அவர் சேர்த்துச் சொன்னாரா என்று கவனியுங்கள். இதே ஆள் முன்பு சொன்ன தேதிகளுக்கு என்ன ஆயிற்று, அதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டாரா? சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்கிற உபாகமம் 18:22 இன்னும் அமலில் இருக்கிறது. கடைசியாக, வீடியோ முடிந்ததும் உங்களிடம் என்ன மிச்சம்: செய்ய ஒரு வேலையா, அடுத்த வீடியோவைத் தேடும் பதற்றமா?

அனுப்பினவர் வீட்டுப் பெரியவராக இருந்தால் குழுவில் எல்லார் முன்னாலும் மறுக்காதீர்கள். தனியாக ஃபோன் செய்து வசனத்தைச் சேர்ந்து வாசியுங்கள். குழுவில் தோற்கடிக்கப்பட்டவர் அடுத்த நாள் இரண்டு வீடியோ அனுப்புவார்.

---

விளக்குத்தண்டு

மிக்க நன்றி. எரேமியாவின் மண்பாண்டம் ஒன்றே போதும் போலிருக்கிறது. பிள்ளைகள் விஷயம் கேட்க மறந்துவிட்டேன். "அம்மா காணாமல் போய்விடுவாளா" என்று எட்டு வயதுப் பிள்ளை இரவில் அழுதால் என்ன சொல்வது?

---

ஓய்வுநாள் பள்ளி அக்கா

தம்பி, முதலில் நிறுத்த வேண்டியது பெரியவர்களின் பழக்கம். "இப்படிச் செய்தால் ஆண்டவர் வரும்போது விட்டுவிட்டுப் போய்விடுவார்" என்று கண்டிக்கவே கூடாது. பிள்ளை அதை வருகை என்று கேட்பதில்லை, அம்மா அப்பா தன்னைக் கைவிடுவதாகக் கேட்கிறது. காலியான வீடு, கீழே கிடக்கும் துணிகள் என்று காட்டுகிற படங்களும் இந்த வயதுக்கு வேண்டாம்.

பவுல் 1 தெசலோனிக்கேயர் 4ல் வருகையைப் பற்றி எழுதினதே இறந்தவர்களை நினைத்துத் துக்கித்தவர்களுக்கு. முடிக்கும்போது "இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்கிறார். நீங்கள் சொன்ன விதம் பிள்ளையைத் தேற்றவில்லை என்றால் சொன்ன விதத்தைத்தான் மாற்ற வேண்டும். வெளிப்படுத்தல் 21:4ல் தொடங்குங்கள், கண்ணீர் துடைக்கிற தேவன். 13ஆம் அதிகாரத்து மிருகம் காத்திருக்கட்டும். இரவில் அழுதால் விளக்கம் கொடுக்காதீர்கள். பக்கத்தில் படுத்து, "இயேசு உன்னைத் தேடி வருகிறவர், உன்னை மறந்துவிட்டுப் போகிறவர் இல்லை" என்று ஒரே வாக்கியம். மற்றதெல்லாம் பகலில்.

பெரியவர்களுக்கும் ஒன்று. இரட்சிப்பின் ஜெபத்தை ஒரு நாளில் பத்து இருபது தடவை திரும்பத் திரும்பச் சொல்வது, யாராவது ஃபோன் எடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார்களோ என்று நடுங்குவது, இதனால் தூக்கமும் சாப்பாடும் கெடுவது என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மதம் சார்ந்த எண்ணச் சுழற்சி நோய் (OCD) என்று ஒன்று உண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு. "விசுவாசம் போதவில்லை" என்று சொல்லி அதிக உபவாசம் போடச் சொல்கிற ஆலோசகர் நோயை வளர்க்கிறார். போதகரும் வேண்டும், மருத்துவரும் வேண்டும்.

---

மாலைமணி

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து கொஞ்சம். எங்களுக்கு இந்தக் காத்திருப்பு ஆண்டு வழிபாட்டிலேயே தைக்கப்பட்டிருக்கிறது. திருவருகைக் காலம் என்றால் கிறிஸ்துமஸ் தயாரிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். டிசம்பர் 16 வரை அதன் அழுத்தம் இரண்டாம் வருகையின் மேல். 17லிருந்துதான் பெத்லகேம் பக்கம் திரும்புகிறது. முதல் ஞாயிறு நற்செய்தி மூன்று ஆண்டுச் சுழற்சியிலும் விழிப்பைப் பற்றியதே: மத்தேயு 24, மாற்கு 13, லூக்கா 21. கிறிஸ்து பூமியில் ஆளும் ஆயிரமாண்டு ஆட்சியை வரலாற்றுக்குள்ளேயே எதிர்பார்ப்பதைத் திருச்சபை மறைக்கல்வியின் 676ஆம் எண் ஏற்பதில்லை. அதில் உங்களோடு வாதாட வரவில்லை.

உதவக்கூடியது இரவு செபம். படுக்குமுன் பத்து நிமிடம்: இன்றைய நாளுக்கு நன்றி, இன்று செய்ததும் செய்யத் தவறியதும், நாளைக்குச் சரிசெய்ய ஒன்றே ஒன்று. பிறகு லூக்கா 2ல் உள்ள சிமியோனின் பாடல், "உமது அடியேனை இப்போது சமாதானத்தோடே" போகவிடும் என்று. அவரும் காத்திருந்தவர்தான், ஆலயத்தில். ஆன்ம சோதனையில் வழக்கமாக வரும் கோளாறு, குற்றப்பட்டியலை இருபது வரிக்கு நீட்டி, திருத்த ஒன்றையும் எடுக்காமல் தூங்கிப்போவது. அதனால்தான் 'ஒன்றே ஒன்று'.

---

ஒலிவக்கன்று

மாலைமணி சிஸ்டர், ஆயிர வருடத்தில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன், அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்கிறேன்.

உணவு, தண்ணீர் சேர்த்து வைப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே? எங்கள் குழுவில் இது ஓயாத பேச்சு.

---

பெரேயாக்காரன்

புயலுக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்து வையுங்கள், அந்திக்கிறிஸ்துவுக்காக வேண்டாம். ஒரு ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் வீதம் குறைந்தது 3 நாள் தண்ணீர், அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடிய உணவு, தினசரி மருந்து, டார்ச், முக்கிய ஆவணங்களின் நகல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேதி பார்த்து மாற்றுங்கள். மாற்றாமல் விட்டு, தேவைப்படும் நாளில் கெட்டுப்போனதைத் திறப்பதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. அதற்கு மேல் ஏழு வருட உபத்திரவகாலத்துக்கு என்று மூட்டை அடுக்குகிறவர்களுக்கு யோசேப்பை நினைவுபடுத்துவேன். அவன் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தது தன் வீட்டுக்காக மட்டும் இல்லை. பஞ்சம் வந்ததும் களஞ்சியங்களைத் திறந்தான், அயல்தேசத்தாரும் வந்து கொண்டார்கள். உங்கள் களஞ்சியத்தைப் பக்கத்து வீட்டாருக்குத் திறக்கத் தயாரா என்று முதலில் வீட்டுக்குள் பேசி முடிவு செய்யுங்கள். பூட்டு வாங்குவதைப் பற்றியே பேச்சு போனால், 1 பேதுரு 4:7ஐ நிறுத்தாமல் 9 வரை வாசியுங்கள். "எல்லாவற்றிற்கும் முடிவு சமீபமாயிற்று" என்று ஆரம்பித்தவர் இரண்டு வசனம் தள்ளிக் கேட்பது முறுமுறுப்பில்லாத உபசரிப்பு.

மிருகத்தின் முத்திரை பற்றியும் அந்தக் குழுவில் பேச்சு இருக்கும். வெளிப்படுத்தல் 13:15-16, 14:9, 14:11, 20:4 நான்கிலும் முத்திரையோடு வணக்கமும் சேர்ந்தே வருகிறது. யாரை வணங்குகிறாய் என்ற கேள்வி இல்லாமல், தெரியாத்தனமாக ஒரு அட்டையிலோ ஊசியிலோ ஒட்டிக்கொள்கிற காரியமாக அது அங்கே எழுதப்படவில்லை. 13ன் கடைசி வசனத்தில் நின்றுவிடாமல் அடுத்ததையும் வாசிக்கச் சொல்லுங்கள். 14:1ல் இன்னொரு கூட்டம் நிற்கிறது, அவர்கள் நெற்றியில் பிதாவின் நாமம். அதிகாரப் பிரிவு பின்னால் போடப்பட்டது, யோவான் அங்கே நிறுத்தவில்லை.